ஓணான் செய்த குற்றம்



‘உயிர்களிடத்தில் அன்பை வளர்க்கும் சிறுவர் நூல்கள்’ என்று இந்த அறக்கட்டளையினர் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். அதில் பாதிக் காலம் நூலக அலமாரியின் சாவியும் என்னிடம்தான் இருந்தது. அந்தத் தகுதியில்தான் அழைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அன்பைப் பற்றிப் பேச வந்தவன் ஒரு கொலையிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தென்னை ஈர்க்கை எடுத்து நுனியில் சுருக்குப் போட்டுக்கொண்டு கிளுவை வேலியோரம் அலைவோம். ஓணான் நம்மைப் பார்த்தால் உடனே ஓடாது. முன்னங்காலை ஊன்றித் தலையை மேலும் கீழும் ஆட்டும். அந்த நேரத்தில் சுருக்கை மெல்லக் கழுத்தில் இறக்கி ஒரு வெட்டு வெட்டி இழுக்க வேண்டும். இழுத்தபின் வாயைப் பிளந்து, தாத்தாவின் மட்டையிலிருந்து திருடிய மூக்குப்பொடியைப் போடுவோம். அது சுற்றிச் சுற்றி ஆடும். ஆடி ஓய்ந்ததும் கல்.

எங்களில் ஒருவனுக்காவது மனம் உறுத்தியதாக நினைவில்லை. உறுத்தாததற்குக் காரணம் இருந்தது. எங்களிடம் ஒரு கதை இருந்தது. ராமருக்குத் தாகம் எடுத்ததாம். அணில் ஓடிப்போய் இளநீர் கொண்டுவந்து கொடுத்ததாம். ஓணானோ மூத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்ததாம். அதனால் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு, ஓணானுக்குக் கல்லடி. ஊருக்கு ஊர் இந்தக் கதை கொஞ்சம் மாறும், கல்லடி மட்டும் மாறாது. அது தலையை ஆட்டுவதுகூட ‘ஆமாம், நான்தான் செய்தேன்’ என்று ஒப்புக்கொள்வதற்காகத்தான் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆகவே நாங்கள் செய்தது விளையாட்டும் அல்ல, பாவமும் அல்ல. ராமருக்கு நியாயம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கதை பிள்ளைகளின் மனத்தைப் பண்படுத்தும் என்று இதுபோன்ற மேடைகளில் எல்லாரும் சொல்வார்கள். நானும் எத்தனையோ ஆண்டுவிழாக்களில் சொல்லியிருக்கிறேன். அதே கதைதான் என் கையில் கல்லையும் கொடுத்தது. அதனால் விலங்கு வருகிற கதையெல்லாம் விலங்கிடம் அன்பை வளர்க்கும் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. எந்த மாதிரிக் கதை வளர்க்கும் என்பதுதான் என் கேள்வி. அதற்குக் கொஞ்சம் தொலைவு போக வேண்டியிருக்கிறது, இங்கிலாந்துவரைக்கும்.

1786இல் சாரா டிரிம்மர் என்ற அம்மையார் அங்கே ஒரு சிறுவர் நூலை வெளியிட்டார். தோட்டத்தில் கூடுகட்டிய ஒரு ராபின் குருவிக் குடும்பம், அந்தத் தோட்டத்து வீட்டில் இரண்டு பிள்ளைகள், அவர்களுக்குப் புத்தி சொல்லும் தாய். குருவிக் குஞ்சுகளுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே ஒழுக்கம் போதிக்கப்படும். டிரிம்மர் பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர், கண்டிப்பானவர். முன்னுரையிலேயே, பறவைகள் உண்மையில் பேசா, இதைக் கட்டுக்கதையாகவே கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்கு எச்சரிக்கை விடுத்திருக்கிறார். பின்னாளில் சிண்டரெல்லா போன்ற தேவதைக் கதைகளையே ஆகாது என்று ஒதுக்கியவர். நூலில் விலங்குகளை வதைக்கும் பையன் ஒருவன் வருவான். பெரியவனான பிறகும் குணம் மாறாமல் ஒரு குதிரையை அடிக்கப்போய், அது தூக்கியெறிந்ததில் சாவான். ‘தட்டான் வாலில் நூல் கட்டினால் அடுத்த ஜென்மத்தில் உன் வாலில் கட்டுவார்கள்’ என்று எங்கள் பாட்டி மிரட்டுவாளே, அதே வழிதான். பாட்டி சொல்லி நாங்கள் தட்டானை விட்டோமா? கதவுக்குப் பின்னால் போய்க் கட்டினோம்.

டிரிம்மரைக் குறைசொல்லவில்லை. பறவைக் கூட்டைக் கலைப்பது பையன்களின் பிறப்புரிமையாக இருந்த காலத்தில், கூட்டுக்குள்ளிருந்து கதை சொன்னவர் அவர். ஆனால் அவருடைய குருவிகளுக்கு இறக்கை மட்டும்தான் குருவியுடையது. மற்றதெல்லாம் நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுடையது.

அதற்குத் தொண்ணூற்றோரு ஆண்டு கழித்து வந்த நூலைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச நினைத்தேன். ‘பிளாக் பியூட்டி’. எழுதியவர் அன்னா சுவெல். 1820இல் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும்போது வழுக்கி விழுந்து கணுக்காலில் அடிபட்டது. அதன்பின் வாழ்நாளில் அவரால் சரியாக நடக்க முடியவில்லை. எங்கே போவதென்றாலும் குதிரை வண்டிதான். நடக்கிறவர்கள் வண்டியைப் பார்ப்பார்கள். வண்டியிலேயே காலம் கழித்தவர் குதிரையைப் பார்த்தார். வேறு எந்தக் கல்வியையும்விட இந்த நூலுக்கு அதுவே முதலீடு என்பேன்.

நாரிச் நகரத்துக்கு அருகே, உடம்பு முடியாமல் சோபாவில் கிடந்தபடி, 1871 தொடங்கி ஆறு ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினார். பென்சிலால் துண்டுத்தாளில் அவர் கிறுக்கியதைத் தாயார் படியெடுத்தார். 1877 நவம்பரில் நூல் வந்தது. 1878 ஏப்ரலில் அவர் இறந்துபோனார். நூலாசிரியராக அவர் வாழ்ந்தது ஐந்தே மாதம். சொல்லப்போனால் அவர் அதைச் சிறுவர் நூலாக எழுதவே இல்லை. குதிரைக்காரர்களும் வண்டிக்காரர்களும் லாயத்துப் பையன்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதினார். பிள்ளைகள் அதைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கதையைக் குதிரையே சொல்கிறது. அதில் புதுமை இல்லை, நம் பஞ்சதந்திரத்தில் எல்லா மிருகமும் பேசுகிறது. ஆனால் பஞ்சதந்திரத்து நரி காட்டில் வாழும் நரி அல்ல, வேஷம் போட்ட மந்திரி. சுவெலின் குதிரையோ குதிரையாகவே இருந்து பேசுகிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கடிவாளம், சேணம், லாடம், சாட்டை, கல் பாவிய தெரு, வண்டிக்காரன் கையின் கனம்.

ஒரே ஒரு வாரை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் வண்டிகளில், கடிவாளத்திலிருந்து ஒரு வாரைத் தலைப்பக்கமாகக் கொண்டுபோய்ச் சேணத்தில் மாட்டுவார்கள். அதை இறுக்க இறுக்கக் குதிரையின் தலை நிமிரும். பார்க்க மிடுக்காக இருக்கும். சமதளத்தில் மெல்லப் போனால் ஒருமாதிரி தாங்கிக்கொள்ளலாம். மேடு வந்தால்? பாரம் இழுக்கும் எந்தப் பிராணியும் தலையைத் தாழ்த்தி, கழுத்தையும் தோளையும் முன்னே கொடுத்துத்தான் இழுக்கும். நம்பாதவர்கள் நின்றுபோன காரை மேட்டில் தள்ளும்போது முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு தள்ளிப் பாருங்கள். அந்த வார் தலையைத் தாழ்த்த விடாது. பாரமெல்லாம் முதுகுக்கும் பின்னங்காலுக்கும் போகும், மூச்சுக்குழல் நெருக்குண்டு வாயில் நுரை தள்ளும். நாளுக்கு ஒரு துளையாக அந்த வாரை இறுக்கிக்கொண்டே போகும் அத்தியாயங்களைப் படிக்கும்போது நம் கழுத்துதான் வலிக்கிறது. குதிரையிடம் அன்பாயிரு என்று சுவெல் எங்கும் கையைப் பிடித்துக் கெஞ்சவில்லை. அந்த வார் என்ன செய்கிறது என்று காட்டினார். அன்னாவின் சவ ஊர்வலத்துக்கு வந்த வண்டிக் குதிரைகளிலும் அதே வார் மாட்டியிருந்ததைப் பார்த்துத் தாயார் அதைக் கழற்றச் சொன்னார் என்பார்கள். அந்த வழக்கம் மெல்ல ஒழிந்ததில் இந்த நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. 1890இல் ஜார்ஜ் ஏஞ்சல் என்ற பாஸ்டன் வழக்கறிஞர் அமெரிக்காவில் இதை மலிவுப் பதிப்பாக அச்சிட்டு வண்டிக்காரர்களுக்கும் லாயக்காரர்களுக்கும் பரப்பினார்.

இன்னொரு இடம். எஜமானிக்கு உடம்பு மோசமாகிவிட, நடு இரவில் மருத்துவரை அழைத்துவரக் குதிரை காற்றாய்ப் பறந்து போய்த் திரும்புகிறது. உடம்பெல்லாம் வேர்வை. லாயத்தில் அன்றைக்கு இருந்தவன் ஜோ என்ற சின்னப் பையன். நல்ல பையன். குதிரைமேல் உயிரையே வைத்திருக்கிறவன். காலைத் தேய்த்துவிட்டான். உடம்பு சூடாகத்தானே இருக்கிறது என்று கம்பளி போர்த்தவில்லை. தாகமாயிருக்கும் என்று ஒரு வாளி நிறையப் பச்சைத்தண்ணீர் கொடுத்தான். திருப்தியாகப் போய்ப் படுத்துவிட்டான். விடிவதற்குள் குதிரைக்குச் சீதளம் கண்டு நெஞ்சு அடைத்துவிட்டது. பையனுக்குத் தெரியாமல் நடந்தது, அறியாப்பிள்ளை என்று ஜோவின் தகப்பன் மன்றாடும்போது, பெரிய குதிரைக்காரன் கொதித்துப்போகிறான். தெரியாமல் செய்தேன் என்பது அவனிடத்தில் மன்னிப்பு ஆகாது.

இந்த அத்தியாயத்தை எழுதத் துணிச்சல் வேண்டும். அன்பில்லாதவனால் கெடுதல் வரும் என்று யாரும் எழுதுவார்கள். அன்புள்ளவன் கையாலேயே குதிரை சாகக் கிடந்தது என்று எழுதினார் சுவெல். பூனைக்குட்டிக்குப் பசும்பால் கொடுத்து வயிற்றுப்போக்கில் சாகவிட்ட வீடுகள் இந்த அரங்கத்தில் எத்தனை இருக்கும்? கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்துச் சோறு ஊட்டியவர்கள்? நானும் கை தூக்க வேண்டியவன்தான்.

மூன்றாவது இடத்தை எனக்கு விளங்கவைத்தவன் ஒரு மாணவன். ஏழாம் வகுப்பில் இந்தக் கதையைத் தினமும் கடைசிப் பாடவேளையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவந்தேன். லண்டனில் வாடகை வண்டி ஓட்டும் சாம் என்று ஒருவன் வருவான். வண்டிக்கும் இரண்டு குதிரைக்கும் சேர்த்து ஒரு நாளைக்குப் பதினெட்டு ஷில்லிங் முதலாளிக்குக் கட்ட வேண்டும். அதற்கு மேல் வருவதுதான் வீட்டுக்கு. குதிரை களைத்தாலும் சாட்டையால் அடித்து ஓட்டாமல் அவனால் பிழைக்க முடியாது. நான் அந்த இடத்தைச் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “சார், இது வாடகை ஆட்டோ மாதிரிதான் சார். எங்கப்பாவும் காலையில எந்திரிச்சதும் வாடகையத்தான் சார் சொல்லுவாரு.” நான் சாமைக் கொடியவனாகக் காட்டித்தான் கதையை நடத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் என்னைத் திருத்தினான். சாட்டையைப் பிடித்திருந்த கைக்குப் பின்னால் இன்னொரு கை இருந்தது. சுவெல் அதை எழுதியிருந்தார், நான்தான் படிக்கவில்லை.

இனி நம் பக்கம் வருகிறேன்.

பாரதியின் பாப்பா பாட்டை நாம் எல்லாரும் மனப்பாடமாக ஒப்பித்தோம். ஒப்பித்த வேகத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டோம். அவர் அதில் மாடு, குதிரை, நாய், ஆடு என்று வெறும் பெயர்ப்பட்டியல் போடவில்லை. எது நமக்கு என்ன செய்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். உழைக்கிற உயிர்கள் என்பதால் அவற்றுக்கு நம்மேல் உரிமை இருக்கிறது என்பது அந்தப் பாட்டின் அடியில் ஓடும் நியாயம். கவிமணியின் பசுவும் கன்றும் பாட்டு இன்னும் ஒரு படி மேலே. அதில் அறிவுரையே கிடையாது. தாயும் கன்றும் என்ன செய்கின்றன என்று பார்க்க மட்டும் வைக்கிறார். பால்குடி மறவாத பிள்ளைக்கு அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

அவர்களுக்குப் பிறகு நம் சிறுவர் நூல்களில் பெரும்பாலும் என்ன ஆயிற்று? நரி தந்திரம் செய்தது, கழுதை முட்டாளாக இருந்தது, ஆந்தை அபசகுனம் ஆயிற்று, பாம்பு பழிவாங்கியது. நான் நூலகத்தில் அடுக்கிவைத்த நூல்களில் முக்கால்வாசி இந்த ரகம். இவை வெறும் கதைகள்தானே என்று விட்டுவிட முடியவில்லை. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம் சில ஊர்களில், பொங்கலையொட்டி வங்காநரியைப் பிடித்துவந்து ஓடவிடும் வழக்கம் இருந்தது. நரி முகத்தில் விழித்தால் யோகம் என்ற நம்பிக்கை. வனத்துறை தடுத்து, வழக்குப் போட்டு, பேசிப் பேசித்தான் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. நரிக்கு யோகமும் தெரியாது, தந்திரமும் தெரியாது. எலியும் நண்டும் வண்டும் எங்கே கிடைக்கும் என்று தெரியும். அந்த நரியைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. மா. கிருஷ்ணன் ஆங்கிலத்தில் ஒரு நாளிதழில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர். தமிழிலும் எழுதினார். கண்ணால் பார்க்காததை எழுதாத பிடிவாதக்காரர். இன்னொன்று, ஜாய் விட்டேக்கர் எழுதி, சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட ஒரு படக்கதை. காளி என்ற இருளர் சிறுவன். அப்பா பாம்பு பிடிக்கிறவர் என்பதாலும் வறுத்த ஈசலைத் தின்பதாலும் வகுப்பில் யாரும் அவனோடு சேருவதில்லை. ஒரு நாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு விழுந்துவிடுகிறது. ஆசிரியர் உட்பட எல்லாரும் அலறும்போது காளி போய் அதைப் பக்குவமாகப் பிடிக்கிறான். நான் தேடிக்கொண்டிருந்த கதை இது. ஜோவுக்கு அன்பு இருந்தது, தெரியவில்லை. காளிக்குத் தெரிந்திருந்தது, அதனால் பாம்பும் பிழைத்தது, பிள்ளைகளும் பிழைத்தார்கள். சாரைக்கு விஷம் கிடையாது என்பதை நல்லொழுக்கப் பாடமாக நடத்த முடியாது. ஆனால் அது தெரியாததால் வருடந்தோறும் நம் ஊர்களில் எத்தனை சாரைகள் தடிக்கு இரையாகின்றன!

சட்டம்கூட இந்த விவரங்களை எழுதிவைத்திருக்கிறது. கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதும் கையில் எடுத்த காரியம் விலங்கு வதைத் தடுப்பு மசோதா. அந்த முயற்சியின் தொடர்ச்சியாகத்தான் 1960இல் சட்டம் வந்தது. 1962இல் சென்னையில் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர். அதைத் தொடர்ந்து 1965இல் வண்டி மாட்டுக்கும் பொதி விலங்குக்கும் விதிகள் வந்தன. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை வண்டி பூட்டக் கூடாது. முள் பதித்த கோலைப் பயன்படுத்தக் கூடாது. தார்க்குச்சி நுனியில் ஆணி அடித்துப் பெருமையோடு சுற்றிய என் சின்னமாமா இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அதே மாமாதான் நுகத்தடி பட்டுக் காளையின் கழுத்து புண்ணானபோது ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வேப்பெண்ணெய் தடவினார். இரண்டும் ஒரே ஆள்தான். நல்ல சிறுவர் நூல் அவரை எழுத வேண்டும். நல்ல மாமா, கெட்ட மாமா என்று இரண்டாகக் கிழித்து எழுதக் கூடாது.

புத்தகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி கூடுகட்டி முட்டையிட்டது. ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாக விளக்குப் போடாமல் இருட்டில் இருந்தார்கள். அதே மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இவர்கள் யாரும் டிரிம்மரைப் படித்தவர்கள் அல்லர். பறவையோடு ஒரே ஊரில் குடியிருந்தவர்கள், அவ்வளவுதான். நகரத்துப் பிள்ளைக்கு அந்தக் குடியிருப்பு வாய்க்கவில்லை. அவனுக்குப் புத்தகம்தான் கண்மாய். அந்தக் கண்மாயில் பொய்த் தண்ணீரை நிரப்பிவைக்காதீர்கள் என்றுதான் எழுத்தாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஓணானுக்குத் திரும்பிவிட்டு முடிக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. அது தலையை ஆட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காக அல்ல. இது என் இடம், விலகிப் போ என்று சொல்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்குத் தலையும் தொண்டையும் சிவந்துபோகும். நாங்கள் அதை யாருடைய ரத்தத்தையோ குடித்த அடையாளம் என்று நம்பினோம். பெண் ஓணான் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். அது தின்பது பூச்சியும் எறும்பும். ராமரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் சுருக்கோடு போனபோது அது ஓடாமல் நின்றதற்குக் காரணம் திமிர் அல்ல. தன் வேலியைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் சிறுவர் நூலுக்குப் பரிசு கொடுக்கிறது. தேர்வுக்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். விலங்கு வரும் நூலாக இருந்தால், பேராசிரியர்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு பிரதியைக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொடுங்கள். இன்னொன்றை ஆடு மேய்க்கிறவருக்கோ பாம்பு பிடிக்கிற இருளருக்கோ வாசித்துக் காட்டுங்கள். கேட்டுவிட்டு அவர்கள் சிரித்தால், எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும் பரிசு வேண்டாம். ஓணானைக் கதாநாயகனாக வைத்து யாராவது உருப்படியாக ஒரு கதை எழுதினால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், இலவசப் பிரதி வேண்டாம், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.